பதினாறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியா, ஒரு ஜீப்பா?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தின் மலைக் குடியிருப்பு ஒன்றில் ஓர் ஈராசிரியர் பள்ளி இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் பதினாறு பிள்ளைகள். கல்வி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சம்பளப் பட்டியல் போட்ட பழக்கம், எந்தப் பள்ளிக்குப் போனாலும் மனது தானாகவே வகுத்தல் கணக்கில் இறங்கிவிடுகிறது.

இங்கேயும் வகுத்துப் பார்த்தேன். ஒருவர் பணிமூப்புள்ள தலைமையாசிரியர், இன்னொருவர் அண்மையில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14,40,000. பதினாறால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 90,000 ரூபாய். அடிவாரத்தில் 120 பிள்ளைகளும் நான்கு ஆசிரியர்களும் உள்ள பள்ளியை இதே சராசரிச் சம்பளத்தில் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு 24,000 தான் வருகிறது. மலையில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

இந்த ஒரு வகுத்தலை வைத்துத்தான் "இந்தப் பள்ளியை ஏன் வைத்திருக்க வேண்டும்?" என்ற கேள்வி ஆண்டுதோறும் கிளம்புகிறது. பதிலாக நான்கு வழிகள் பேசப்படுகின்றன: பள்ளியை இருக்கிற இடத்திலேயே நடத்துவது, மூடிவிட்டுக் கீழ்ப் பள்ளியோடு இணைத்து ஜீப் விடுவது, பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பது, தனியார் பள்ளியில் இடம் பிடித்துக் கொடுத்து அரசே கட்டணம் கட்டுவது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எனக்கு ஒரு முடிவு இருக்கிறது. பத்து வயது வரை பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளி இருந்தே ஆக வேண்டும் என்பது அது. ஆனால் அதைச் சொல்வதற்காக மற்ற வழிகளின் கணக்கை மறைக்க மாட்டேன்.

இந்தப் பேச்சு நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஏன் கூடுதல் கனமானது என்பதற்கு ஓர் எண் போதும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். தருமபுரி 68.54, மாநிலத்திலேயே கடைசி இடம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி 71.46. மாநில அரசு 2025-26இல் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி சம்பளம். ஆகவே ஆசிரியர் எந்த ஊரில் நிற்கிறார் என்பதுதான் அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதற்கு விடை.

முதலில் தனியார் இடத்தைப் பார்த்துவிடலாம், அதைச் சீக்கிரம் முடித்துவிட முடியும். கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலாக மற்ற தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். பள்ளியின் கட்டணம், அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை அரசு திருப்பிக் கொடுக்கும். வெறும் எண்ணாகப் பார்த்தால் நான்கு வழிகளில் மலிவானது இதுதான். அந்த மலிவுக்குப் பின்னால் மிகக் குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் தனியார் பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கைக்குத் தூர வரம்பு உண்டு. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ அஞ்செட்டி காட்டோரக் குடியிருப்பிலோ ஒரு கிலோமீட்டருக்குள் எந்தத் தனியார் பள்ளி இருக்கிறது? இந்தப் பணம் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் போன்ற ஊர்களைத் தாண்டி மலையேற வழியே இல்லை. பலன் பெறுபவர்கள் ஏழைகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழ் என்று சான்றிதழ் வாங்கி, குறித்த நாளுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த ஏழைகள். என் உறவில் ஒரு பெண் குழந்தை இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை நன்றாகவே படித்தாள். வேன் கட்டணத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதை அவள் அப்பாவே கட்டினார். எட்டு முடிந்ததும் சட்டத்தின் பாதுகாப்பும் முடிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் என்றார்கள். அரசுப் பள்ளிக்கு மாறினாள். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு என்பது ஓர் ஆறுதல். இன்னொரு பலவீனமும் 2025இல் வெளிப்பட்டது. மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் நிதி நிறுத்தப்பட்டதால் அந்த ஆண்டு இந்தச் சேர்க்கை ஜூனில் தொடங்கவில்லை. பணம் வந்த பிறகு அக்டோபரில்தான் தொடங்கியது. கால் ஆண்டு போய்விட்டது.

உண்டு உறைவிடப் பள்ளியைப் பற்றி எனக்கு இரண்டு மனது உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து என்றால் கையெடுத்துக் கும்பிடுவேன். கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா திட்டம் 2004இல் பின்தங்கிய ஒன்றியங்களின் பெண் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. நம் இரு மாவட்டங்களிலும் வயதுக்கு வந்த பெண்ணைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பப் பயந்து, கல்யாணம் முடித்துவிடும் வழக்கம் இன்னும் சாகவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் விடுதியில் இருக்கிறாள் என்றால் அவளைப் பெண் பார்க்க வருவோர் குறைகிறார்கள். படிப்புச் செலவோடு சோறு, படுக்கை, சமையலர், காப்பாளர் எல்லாம் சேர்வதால் செலவு கூடத்தான் செய்யும். ஒரு குழந்தைத் திருமணத்தைத் தள்ளிப்போட அரசு செய்யும் வேறெந்தச் செலவும் இவ்வளவு நேராகப் போய்ச் சேருவதில்லை என்பதே என் அனுபவம்.

ஆனால் ஆறு வயதில்? தளி, அஞ்செட்டிப் பக்கத்தில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் ஏராளம். இருளர் குடும்பங்களின் பேச்சும் வேறு. வீட்டு மொழி ஒன்று, பாடப் புத்தகத்தின் மொழி இன்னொன்று என்ற நிலையில் அம்மாவையும் பிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை வாயே திறக்காது. சேர்ந்த பதினைந்தாம் நாள், பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வராமல் போவதை விடுதி நடத்தியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சின்னஞ்சிறு வயதில் உறைவிடம் என்பதைக் கடைசி வழியாக மட்டுமே ஏற்பேன்.

இனி ஜீப். இதுதான் உண்மையான போட்டி. சட்டமே இதை ஒப்புக்கொள்கிறது: ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், அமைக்க முடியாத இடத்தில் வாகனமோ உறைவிடமோ அரசு தர வேண்டும். சமக்ர சிக்ஷாவில் இதற்காக ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,000 ரூபாய் ஒதுக்க இடமுண்டு. அடிவாரப் பள்ளியின் 24,000த்தோடு இதைச் சேர்த்தால் 30,000. மலைப் பள்ளியின் 90,000த்தில் மூன்றில் ஒரு பங்கு. மூடிய பள்ளியின் ஆசிரியர்கள் இருவரும் பணிநிரவலில் கீழே வந்து, ஆளில்லாத வகுப்பறைகளை நிரப்புவார்கள். சம்பளம் மிச்சமாவதில்லை, ஆனால் அதே சம்பளத்துக்கு இன்னும் அதிகப் பிள்ளைகள் பாடம் கேட்பார்கள். இது வாதத்துக்காகச் சொல்வதல்ல, உண்மையான லாபம். கீழ்ப் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த 6,000 ரூபாயை ஓர் ஓட்டுநரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பதினாறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 96,000. பத்து மாதம் ஓட்டினால் மாதம் 9,600. மலையிலிருந்து அடிவாரம் ஒன்பது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஏறி இறங்க 18, மாலையில் ஏறி இறங்க 18, ஆக நாளுக்கு 36 கிலோமீட்டர். மாதம் 22 நாளுக்கு 792. மலைப்பாதையில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் 66 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 6,072. மீதம் 3,528. இதில் டயர் தேய்மானம், பழுது, காப்பீடு, ஓட்டுநரின் கூலி எல்லாம் அடங்க வேண்டும். தக்காளிக்கும் புளிக்கும் ஒரு நடை போனால் இதைவிட நல்ல காசு பார்க்கலாம். ஆகவே சந்தை நாளில் ஜீப் வராது. பணம் வர இரண்டு மாதம் தாமதமானால் மூன்றாம் மாதம் ஜீப் வராது. மழையில் பாதை அரித்தால் வராது. ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை இதைக் கண்ணால் பார்த்தேன். வேறொரு மலைக் குடியிருப்பின் பிள்ளைகள் ஜீப்பில் வரும் அடிவாரப் பள்ளி அது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது. வகுப்பு தொடங்கும் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். அன்று ஜீப் வந்தபோது மணி 9.35. உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்து அட்டைகளை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். சமைக்கும் அக்கா மலைப் பிள்ளைகளுக்காக ஒரு தூக்குவாளியில் பொங்கலை மூடி வைத்திருந்தார். பொங்கல் ஆறி இறுகிப் போயிருந்தது. சாம்பாரை ஊற்றிக் கரண்டியால் உடைத்து உடைத்துப் போட்டார். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தட்டைப் பார்க்காமல் வகுப்பின் சன்னலையே பார்த்துக்கொண்டு அள்ளி அள்ளி வாயில் போட்டாள். அவள் உள்ளே போனபோது அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டார்கள். "தினமும் இப்படியா?" என்று அக்காவிடம் கேட்டேன். "ஜீப்பு வர நாள்ல இப்படிங்க ஐயா" என்றார்.

ஜீப் வராத நாளில் யாராவது ஒரு பெரியவர் கூட்டிக்கொண்டு இறங்க வேண்டும்; பென்னாகரம், அஞ்செட்டிக் காட்டுப் பாதைகளில் யானை நடமாட்டம் இருப்பதால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப யாருக்கும் துணிவில்லை. ஜீப் வருமா வராதா என்பது முன்கூட்டித் தெரியாததால் வீட்டுக்கு வீடு முறை வைத்து, நாளுக்கு ஒருவர் வேலையை விடுகிறார்கள் என்றால், 2025-26இன் நூறு நாள் வேலைக் கூலியான 336 ரூபாயை வைத்து 220 பள்ளி நாளுக்கு 73,920 ரூபாய். பிள்ளைக்கு 4,620. இது எந்த அரசுக் கணக்கிலும் ஏறாது. அதையும் கூட்டினாலும் ஜீப் வழி 35,000த்தைத் தாண்டாது, மலைப் பள்ளியைவிட மலிவுதான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த 4,620ஐ யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சாமை விதைத்து, மாங்காய்க் காலத்தில் கூலிக்குப் போகும் ஒரு தாய் கொடுக்கிறாள். தருமபுரி நகரத்தில் வீட்டு வாசலில் அரசுப் பள்ளி கிடைக்கும் யாரும் இந்த வரியைக் கட்டுவதில்லை.

நீதியைப் பற்றிப் பேசும்போது கோட்டூர்மலை நினைவுக்கு வருகிறது. பென்னாகரம் தொகுதியில், வண்டிப் பாதை இல்லாததால் அந்த மலைக்குத் தேர்தல்களின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதைகள் மேல் ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். சில நூறு வாக்குகள்தான். ஒரு வாக்குக்கு எவ்வளவு செலவு என்று வகுத்துப் பார்த்து, "வாக்காளர்கள் கீழே இறங்கி வரட்டும்" என்று யாரும் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரியவர்களுக்குச் செய்வதை நாள்தோறும் பிள்ளைகளுக்குச் செய்தால் அது மட்டும் எப்படி வீண்செலவாகும்?

இதைச் சொன்னதோடு மலைப் பள்ளி வென்றுவிட்டது என்று நிறுத்தினால் நான் பொய்யன். அந்த 90,000 ரூபாய் உண்மையிலேயே பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. ஆசிரியர்கள் இடம் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வில் மலை இடங்கள் கடைசியில்தான் போகும். வந்தவரும் மாறுதலுக்கு மனுக் கொடுத்துக்கொண்டேதான் இருப்பார். நகரத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி, அதன் பிறகு நடந்து அல்லது யாருடைய வண்டியிலோ தொற்றி ஏறி வரும்போது பத்தரை ஆகிவிடும். இருவரில் ஒருவரை மாற்றுப்பணியில் கீழே இழுத்துக்கொள்வார்கள். இன்னொருவருக்குப் பயிற்சி, வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு. அன்றைக்குப் பள்ளியைக் காப்பது சத்துணவுச் சமையலர்தான். சம்பளப் பட்டியலில் இரண்டு பேர், வகுப்பறையில் அரை ஆள். நான் போட்ட பட்டியல்களில் எத்தனை பள்ளிகள் இப்படி நடந்தன என்பதை அப்போது நான் கேட்டதில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். இப்போது அந்த நினைப்பு உறுத்துகிறது.

இருவரும் இருக்கும் நாளிலும் வேலை கடினம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வகுப்பு வாரியாக அல்லாமல் கற்றல் நிலை வாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பதால், இப்படிப்பட்ட பள்ளிக்குப் பொருந்துகிறது. கையில் பொருள் வேண்டுமே! முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. மின்கட்டணம், சாக்பீஸ், பூட்டு, கழிப்பறை வாளி எல்லாம் மீதியில். 14,40,000த்தையும் 10,000த்தையும் பக்கத்தில் வைத்தால், சம்பளத்துக்கு 144 ரூபாய் போகும் இடத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு ரூபாய். சம்பளம் அதிகம் என்று சொல்ல வரவில்லை. 144 ரூபாய் போட்டு ஆளை மலைக்கு அனுப்பிவிட்டு, அவர் தங்க ஓர் அறையும் பிள்ளை தொட்டுப் பார்க்க ஒரு கணித உபகரணமும் இல்லாமல் செய்வதுதான் வீண்.

ஆகவே என் கணக்கில் மலைப் பள்ளிக்கு இன்னும் கொஞ்சம் செலவழிக்க வேண்டும், குறைக்கக் கூடாது. அந்தக் குடியிருப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தியைத் துணையாளராக மாதம் 6,000 ரூபாய்க்கு வைத்தால் ஆண்டுக்கு 72,000, பிள்ளைக்கு 4,500. இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய்க்கே இப்படிப்பட்ட பெண்கள் பிள்ளைகளை உட்கார வைத்துக் காட்டினார்கள். பிள்ளையின் வீட்டு மொழி அவளுக்குத் தெரியும். ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளிலும் பள்ளி திறந்திருக்கும். 90,000த்தை முழுமையாக வேலை செய்ய வைக்கும் அந்த 4,500 ரூபாயைவிட லாபமான செலவு இந்த ஒப்பீட்டில் வேறில்லை.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். மலைப் பள்ளிக்கு நான் சொல்லும் இந்த நியாயத்தைச் சமவெளியில் உள்ள ஒவ்வொரு சிறு பள்ளிக்கும் நீட்டிக்க மாட்டேன். காரிமங்கலம், பர்கூர், மத்தூர் சாலைகளில் காலையில் நின்றால் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் புகுந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அப்படிக் காலியான பள்ளிகள் சில இடங்களில், அரை கிலோமீட்டர் இடைவெளியில், தலா பன்னிரண்டு பிள்ளைகளோடு இரண்டிரண்டாக இருக்கின்றன. அங்கே தூரம் காரணமில்லை. ஆசிரியர் போதாமையும் ஆங்கில வழி மேல் உள்ள ஆசையும்தான் காரணம். அவற்றை இணைக்கலாம். ஆனால் இணைத்துவிட்டு, அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்ற விதியைக் காட்டி மற்ற இருவரை எடுத்துவிடக் கூடாது. நான்கு பேரையும் மூன்றாண்டு அங்கேயே விட்டால், ஐந்து வகுப்புக்கு நான்கு ஆசிரியர் என்பதைப் பார்த்து வேனில் போன பிள்ளைகளில் சிலராவது திரும்புவார்கள். இருவரை எடுத்துவிட்டால், இருக்கும் இருபத்து நான்கு பேரும் அடுத்த ஜூனில் வேனுக்குப் போய்விடுவார்கள்.

மலையில் அந்தக் கவலையே இல்லை. அங்கே வேன் வராது. பள்ளி மூடினால் பிள்ளை ஆட்டின் பின்னால் போவான், இல்லையேல் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் பெற்றோரோடு போய், மணல் குவியலில் தம்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அந்தப் பதினாறு பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்கள் நான்கு பேர், மூவர் பெண்கள். ஜூனில் அவர்கள் ஆறாம் வகுப்புக்குக் கீழே போக வேண்டும். மூன்று பேருக்கும் உறைவிடப் பள்ளியில் இடம் கேட்டு, தலைமையாசிரியர் இப்போதே ஆதார் நகலும் சாதிச் சான்றும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தியின் அப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை. முதல் வகுப்புக்கு அங்கன்வாடியிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள் என்று சொன்னார். அப்படியானால் பதினேழு. 14,40,000த்தைப் பதினேழால் வகுத்தால் 84,706.